அரியலூருக்குப் போன ஸ்பேனியல்

நாயை வாங்கி வந்தவர் என் கணவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராக இருந்தார். பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். நான் டவுனில் ஒரு பள்ளி ஆபீசில் எழுத்தர். எங்கள் மகன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன வருஷம் அது. ஒரு சாயங்காலம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே, வறுத்த கடலைத் தோலின் நிறத்தில், முகத்தைவிடக் காது நீளமாக ஒரு குட்டி.

“காக்கர் ஸ்பேனியல். திருச்சியில சொல்லி வச்சு வாங்கினேன். இந்தத் தெருவுல எவன் வூட்லயும் இல்ல,” என்றார்.

ஏழெட்டு மாதம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். நிறுத்திக் கேட்டவர்களிடமெல்லாம் ஜாதியைச் சொன்னார். பிறகு முடி வளர்ந்தது. வயிற்றுக்கடியிலும் காதிலும் காலிலும் பட்டு நூல் மாதிரி தொங்கியது. எங்கள் தெருவுக்குப் பின்னால் மக்காச்சோளக் காடு. அங்கே ஒருமுறை ஓடிவிட்டு வந்தால் நாயுருவி முள்ளும் ஒட்டுப்புல்லும் உடம்பு முழுக்க ஏறியிருக்கும். அதை யாரும் எடுக்கவில்லை. ‘நீ பார்’ என்று அவர் விட்டார். ‘வாங்கியவர் பார்க்கட்டும்’ என்று நானும் விட்டேன். மழைக்காலம் முடிந்தபோது காதுக்குப் பின்னால் முடி கம்பளித் துண்டுபோலக் கெட்டியாகிவிட்டது. தொட்டாலே முனகியது.

திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே நாய்க்கு முடி வெட்டும் கடைக்காரர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இத சீவ முடியாதுங்க. தோலோட ஒட்ட வழிச்சு எடுத்தாத்தான் உண்டு,” என்றார். மொட்டையடித்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நாய் என் மடியில் நடுங்கியது. என் கணவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். “உரிச்ச கோழி மாதிரி இருக்கு,” என்றார். வீட்டுக்கு வந்ததும் அது கட்டிலுக்கடியில் போனதுதான், இரண்டு நாள் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் அதைத் தெருவில் கூட்டிக்கொண்டு நடக்கவேயில்லை.

மொட்டைத் தோலில் அங்கங்கே சிவப்பாக இருந்ததால் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். என் வயதுள்ள பெண்மணி. மருந்து தடவிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“இத வச்சிருக்கணும்னா நீங்களே கத்துக்கணுங்க. ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கு ஓட முடியாது. முடிகூட பரவால்ல. இந்த ஜாதிக்குக் காதுதான் எமன். தொங்குற காது, உள்ள காத்தே போவாது. குளிப்பாட்டினா காதுல பஞ்சு வைங்க. முடிஞ்சதும் உள்ள நல்லாத் தொடைங்க. காதுத் துவாரத்தச் சுத்தி இருக்கற முடிய ஒட்ட வெட்டி விடுங்க. வாரத்துக்கு ஒருநாள் காதத் தூக்கி மோந்து பாருங்க. வாடை வந்தா அன்னைக்கே வாங்க.”

அப்படித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் நான் முடிவெட்டக் கற்றுக்கொண்டேன். செல்போனில் வீடியோ பார்த்தேன். மெஷின் ஒன்று தபாலில் வந்தது. பழைய தையல் மெஷின் மேசையின் மேல் கால் வழுக்காமலிருக்கச் சாக்கை மடித்துப் போட்டு நாயை ஏற்றி நிறுத்தினேன். மெஷினை ஓடவிட்டதும் அது குதித்து இறங்கி ஓடிவிட்டது. வெறும் மெஷினைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டே சோறு வைத்தேன். அந்தச் சத்தத்துக்குப் பழக மூன்று வாரம் ஆனது.

முதல் தடவை வெட்டியபோது காது ஓரத்தை வெட்டிவிட்டேன். தொங்கும் முடி எங்கே முடிகிறது, காது எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியவில்லை. காகிதம் மாதிரி மெல்லிய தோல். கத்தரி மூடியதும் நாய் கத்தித் தலையை உதறியது. சுவரில், என் புடவையில், கேலண்டரில் எல்லாம் ரத்தப் பொட்டு. மஞ்சள் தூளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அது என்னைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை. அழுத்திக்கொண்டிருந்த கையை நக்கியது. அன்று வெகுநேரம் எனக்கு அழுகை நிற்கவில்லை. நாய்க்காக மட்டும் அழுதேனா என்று தெரியாது. அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் என் கையை அவ்வளவு நம்பியதில்லை.

பிறகு பழகிப்போனது. சிடுக்கைச் சீவக் கூடாது. மக்காச்சோள மாவைத் தூவி விரலால் பிரிக்க வேண்டும். பிரியாவிட்டால் குறுக்கே வெட்டாமல் நெடுக்காகக் கீறி விட வேண்டும். சிடுக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் அது கல்லாகிவிடும். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் எப்போதும் சீப்பு இருக்க வேண்டும். முதுகில் மெஷினை முடி படுத்திருக்கும் போக்கிலேயே ஓட்ட வேண்டும். நடுநடுவே பிளேடை என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பேன். விரலிடுக்கு முடியை எடுக்கும்போது மட்டும் அது காலை இழுக்கும். “இரு, இரு, ஆச்சு,” என்றால் மறுபடி நீட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இதுதான் வேலை.

அந்த ஞாயிறுகளில் என் கணவர் வீட்டில் இருக்க மாட்டார். சுரங்கத்தில் வேலை அதிகம் என்பார். ஒருநாள் அரியலூரிலிருந்து வரும்போது ஒரு சீப்பு வாங்கி வந்தார். நல்ல எஃகுச் சீப்பு. ஒருபாதி நெருக்கப் பல், மறுபாதி அகலப் பல். எனக்கு எது தேவையோ அதுவேதான். “நாய்க்கு இது நல்லா இருக்கும்னாங்க,” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் அவர் வாங்கி வந்த பொருட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அந்தச் சீப்பை நான் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றித்தான் வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவரே சொன்னார். சுரங்கத்து எடைமேடை ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண். கணவனை இழந்தவள். அரியலூரில் அவளுடைய வீட்டில்தான் அந்த ஞாயிறுகள் போயிருந்தன. “ஒளிச்சு வச்சு எனக்கு அலுத்துப்போச்சு,” என்றார். அலுத்துப்போனது அவருக்காம்.

என் அண்ணன் வீட்டில் பேச்சு நடந்தது. அவர் பக்கத்தில் இரண்டு பேர், எங்கள் பக்கத்தில் நாலு பேர். வீடு என் பெயரில் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை. எல்லாம் பேசி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது, “எனக்கு நாயி வேணும்,” என்றார்.

அண்ணன் சிரித்தே விட்டார். பெரிதாக எதையோ கேட்கப்போகிறார் என்று பயந்திருந்தவர்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“அத வளத்தது நானு,” என்றேன்.

“வாங்கினது நானு. அந்த வூட்ல எனக்குன்னு வேற என்னா இருக்கு?” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. இருபத்தைந்து வருஷம் அவருக்கு நான் ஒன்றுமே வைக்கவில்லை என்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நாயத்தானே கேக்குறாரு. குடுத்துட்டு நிம்மதியா இரு,” என்றார் அண்ணன். மகனுக்குப் போன் செய்தேன். அவனும் அதையே சொன்னான். “நாய்தானேம்மா. வுடும்மா.”

மறுநாள் காலையில் வாடகைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். நாய் காரைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு தானாக ஏறிக்கொண்டது. கார் என்றால் அதற்கு அவ்வளவு ஆசை. சீப்பையும் மெஷினையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்துப் போன் வந்தது.

“கிட்ட நெருங்க வுடமாட்டேங்குது. கத்தரிய எடுத்தாலே உறுமுது. நீ ஒரு தடவ வந்து வெட்டிட்டுப் போயேன்.”

போகக் கூடாது என்று இரண்டு நாள் உறுதியாக இருந்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் போய்ப் போய்ச் செடி கொடியெல்லாம் மாவு பூசியதுபோல வெளுத்திருந்தன. கேட்டைத் திறந்ததும் ஓடி வந்தது என் நாய்தானா என்று ஒரு கணம் தெரியவில்லை. வெளுத்த புழுதியும் முடியும் சேர்ந்து தகடு தகடாக உடம்பில் தொங்கின. அது என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

அவள் வெளியே வந்தாள். நான் எப்படியெல்லாமோ கற்பனை செய்து வைத்திருந்தேன். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். ஒல்லி. நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். கையைப் பிசைந்துகொண்டு, “வாங்கக்கா,” என்றாள். என் கணவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒரு நாற்காலி போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பெஞ்சின் மேல் நாயை ஏற்றினேன். என் கை பட்டதும் அடங்கி நின்றது. அவள் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் ஆனது. வலது முன்னங்காலில் விரலிடுக்கில் புல் முள் ஒன்று தோலுக்குள் இறங்கிச் சீழ் வைத்திருந்தது. அதை எடுத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கையை விடவில்லை. நடுவில் நான் சீப்பைத் தேடினேன். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“இத இத்தன நாளும் வச்சிருந்தீங்களாக்கா? நான்தான் வாங்கிக் குடுத்துவுட்டேன். எங்கப்பா வூட்ல முடிநாயி ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு இதுமாதிரிதான் சீப்பு,” என்றாள்.

அவள் கபடமாகச் சொல்லவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னாள். நான் அந்தச் சீப்பை வாங்கி நாயின் மார்பு முடியைச் சீவினேன். அதைத் துணியில் சுற்றி வைத்த ஒவ்வொரு ஞாயிறும் என் கண்ணெதிரே வந்து போனது.

வெட்டி முடித்ததும் என் கணவர் வந்து பார்த்தார். “ஆங், இப்பதான் நாயி மாதிரி இருக்கு. மாசம் ஒருக்கா வந்துட்டுப் போ,” என்றார். தண்ணீர் கேனுக்குச் சொல்லிவிடுவது மாதிரி.

“நான் எதுக்கு? இவங்களுக்குக் கத்துக் குடுத்துடறேன்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் பெருந்தன்மையை அவருக்குக் காட்ட வேண்டும் என்று இருந்திருக்கலாம். தொடர்ந்து நாலு ஞாயிறு போனேன். மெஷின் பிடிக்க, சிடுக்குப் பிரிக்க, பிளேடு சூடு பார்க்க, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குக் கை நிதானம். நான் ஒரு வருஷத்தில் கற்றதை அவள் மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டாள். நாலாவது ஞாயிறு அவளே முழுக்க வெட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் அவளுக்குக் காலை நீட்டியது. “இரு, இரு, ஆச்சு,” என்றாள், என்னைப் போலவே. அது இழுக்காமல் நின்றது.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். “காதுக்குள்ள எதுனா செய்யணுமாக்கா?”

“வேணாம். மேல மட்டும் வெட்டுனாப் போதும்,” என்றேன்.

இதை நான் மறந்துபோய்ச் சொல்லவில்லை. மருத்துவரம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருந்தது. முந்தைய மூன்று ஞாயிறும், அவள் டீ போட உள்ளே போகும் நேரத்தில், நான்தான் நாயின் காதைத் தூக்கித் துடைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு மாதத்தில் காது நாறும், கூப்பிடுவார்கள், நான் வந்து சரி செய்வேன், என்னால்தான் முடியும் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவுதான் என் கணக்கு. நாய்க்குக் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து யாரும் கூப்பிடவில்லை. ஆறு மாதம் ஆனது. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தினமும் ஆபீசுக்குப் போகும்போது நினைப்பேன், சாயங்காலம் பேசிவிட வேண்டும் என்று. சாயங்காலம் வந்தால், அவர்கள் பேசட்டுமே என்றிருக்கும். ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் போதும். அனுப்பவில்லை.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து அவள்தான் பேசினாள். “அக்கா, நாயி தலைய ஒரு பக்கமா சாச்சிக்கிட்டே நடக்குது. சுத்திச் சுத்தி வருது. காதத் தொட்டா கடிக்க வருது. சொட்டு மருந்து ஊத்திப் பாத்தோம், கேக்கல. என்னா செய்யறதுன்னு தெரியலக்கா.”

கேட்டைத் திறக்கும்போதே எனக்கு வாடை அடித்தது. முடி பளபளவென்று இருந்தது. ஒரு சிடுக்கு இல்லை. காலெல்லாம் வட்டமாக அழகாக வெட்டியிருந்தாள். வாரம் தவறாமல் குளிப்பாட்டியிருக்கிறாள். அத்தனை தண்ணீரும் காதுக்குள் போய்த் தங்கியிருக்கிறது. அவள் அக்கறையாகப் பார்க்கப் பார்க்கத்தான் காது அழுகியிருக்கிறது.

திருச்சியில் ஒரு டாக்டரிடம் காரில் கொண்டுபோனோம். நான் பின்சீட்டில் நாயை மடியில் வைத்திருந்தேன். அவள் என் பக்கத்தில். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடது காது உள்ளே முழுக்கக் கெட்டுவிட்டது, குழாயையே எடுத்து மூடிவிட வேண்டும், அந்தக் காது இனிக் கேட்காது என்றார். வலது காதை மருந்திலேயே காப்பாற்றிவிடலாம் என்றார்.

ஆபரேஷன் நடக்கும்போது மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று என் கணவர் அவளிடம் சொன்னார். “இவகிட்ட இருந்தவரைக்கும் அதுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல. உங்கிட்ட வந்துதான் இப்படி.”

இதைக் கேட்கத்தான் நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். கேட்டதும் உள்ளே குளிர்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். முந்தானை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“நான்தான்கா பாக்காம வுட்டுட்டேன். நீங்க அவ்வளவு தூரம் வந்து சொல்லிக் குடுத்தும்…”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நீ கேட்டாய், நான் பொய் சொன்னேன் என்று. அவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்.

“பரவால்லம்மா. இந்த ஜாதிக்கே அப்படித்தான்,” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிடும்வரை அப்படியே இருந்தேன். உள்ளே நாய் மயக்கம் தெளியாமல் கிடந்தது. தலையின் ஒரு பக்கம் முழுக்க மழித்து, தையல் போட்டிருந்தது. நான் கூப்பிட்டேன். கண் மட்டும் அசைந்தது. அவள் கூப்பிட்டாள். வால் லேசாக அசைந்தது.

பெரம்பலூருக்கு வந்த பிறகு அவளுக்கு ஒரு நீளமான செய்தி அனுப்பினேன். பஞ்சு வைப்பது, துடைப்பது, துவாரத்தைச் சுற்றி முடி எடுப்பது, வாரம் ஒருநாள் மோந்து பார்ப்பது என்று எல்லாம் எழுதினேன். ‘டாக்டர் ஒருத்தரிடம் விசாரித்தேன்’ என்று தொடங்கினேன். அப்போதும் உண்மையை எழுதவில்லை. அவள் அடுத்த வாரமே நாயின் வலது காதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினாள். உள்ளே சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. ‘ரொம்ப நன்றிக்கா’ என்று போட்டிருந்தாள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படம் வருகிறது. அவளாகவே அனுப்புகிறாள். நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு விடுகிறேன்.

நாய் நன்றாக இருக்கிறது என்கிறாள். இடது பக்கமிருந்து லாரி வந்தால் தெரிவதில்லையாம், அதனால் கேட்டைப் பூட்டியே வைக்கிறார்களாம். வரச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் போகவில்லை.

தீபாவளிக்கு மகன் வந்திருந்தான். வீடு வெறிச்சென்று இருக்கிறது, இன்னொரு குட்டி வாங்கித் தரட்டுமா, அதே ஜாதியிலேயே பார்க்கிறேன் என்றான்.

“வேணாம்பா,” என்றேன்.

“ஏம்மா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“வீடெல்லாம் முடி கொட்டும்,” என்று சொல்லிவிட்டு, அவனுக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனேன்.